கட்டளைக்குக் கட்டுப்படாதவள்

பிப்ரவரி 5, 2024, திங்கள்

மில்லில் வருஷா வருஷம் கொடுக்கும் டைரி. இதுவரை இதில் சிலிண்டர் மாற்றிய தேதியைத் தவிர வேறெதையும் எழுதியதில்லை. இன்று எழுதுகிறேன். வாயால் சொல்லப் போனால் கத்திவிடுவேன்.

நேற்று மதுரையில் கராத்தே இரண்டாம் டான் தேர்வு, பிளாக் பெல்ட்டுக்குள் அடுத்த படி. தோற்றுவிட்டேன். கட்டாவில், அதாவது தனியாக நின்று வரிசையாகச் செய்து காட்டும் அசைவுகளில், நல்ல மதிப்பெண். எதிராளியோடு மோதும் குமித்தேயில் அதைவிட நல்ல மதிப்பெண். ஆனால் தாளின் அடியில் நடுவர் பேனாவால் எழுதியிருந்தார்: ‘கட்டளைக்குக் கட்டுப்படவில்லை.’

நடுவர் ‘யாமே’ என்றால் அந்த நொடியே நிறுத்த வேண்டும். அவர் சொன்ன பிறகும் நான் குத்தினேனாம். சிவகாசியிலிருந்து வந்த அனுசுயா என்ற பெண்ணுக்கு உதடு கிழிந்து ரத்தம் வந்துவிட்டது. அவள் திடீரென்று கையை இறக்கினாள், அதனால்தான் பட்டது. ஏன் இறக்கினாள் என்று எனக்குப் புரியவில்லை. நடுவர் யாமே சொல்லவே இல்லை.

பஸ்ஸில் வரும்போது வீட்டுக்காரரிடம் கேட்டேன். மேலே கேலரியில் உட்கார்ந்து முழுவதும் பார்த்தவர் அவர். ‘ரெண்டு தடவ சொன்னாரு வடிவு’ என்றார். விருதுநகரிலிருந்து கோவில்பட்டி வரை அவரோடு நான் பேசவில்லை.

இருபத்து மூன்று வருஷமாக மில்லுக்கு ஒரு நாள் தாமதமாகப் போனதில்லை. எனக்கா கட்டுப்பாடு இல்லை? ஆகஸ்டில் மறுபடியும் தேர்வு வைக்கிறார்கள். போவேன்.

பிப்ரவரி 8, வியாழன்

வகுப்புக்குப் போனேன். யாரும் எதுவும் கேட்கவில்லை. அதுவே ஒரு மாதிரி இருந்தது.

டயர் கடைக்கு மேலே தகரக் கூரை போட்ட ஹால். ஆறு மின்விசிறிகளும் சேர்ந்து சுற்றினால் மில்லுக்குள் நிற்பது போலவே இருக்கும். பதிமூன்று வருஷத்துக்கு முன் மகள் சுபாவைச் சேர்த்துவிட வந்தேன். அவள் மஞ்சள் பெல்ட்டோடு நின்றுவிட்டாள், இப்போது கோயம்புத்தூரில் படிக்கிறாள். வாசலில் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த நான்தான் உள்ளே போனேன். முப்பத்தொரு வயது அப்போது. பிளாக் பெல்ட் கட்டி நான்கு வருஷமாகிறது.

ஒன்றை இங்கே எழுதி வைக்கிறேன். பிளாக் பெல்ட் கட்டிய பிறகு நம்மை யாரும் திருத்துவதில்லை. ஞானதுரை மாஸ்டர் என்னைவிட எட்டு வயது இளையவர், கெட்டிக்காரர், அதில் சந்தேகமில்லை. வெள்ளை பெல்ட் பிள்ளைகளின் கால் விரல் வளைந்திருந்தால்கூட உட்கார்ந்து பிடித்து நேராக்குகிறார். என் பின்னால் வந்து நிற்கிறார், பிறகு போய்விடுகிறார். எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது என்றா நினைக்கிறார்? ஒன்றும் தெரியவில்லை என்று எனக்கல்லவா தெரியும்.

பிப்ரவரி 20, செவ்வாய்

குக்கர் விசில் கெட்டுவிட்டது. புதிது வாங்க வேண்டும்.

பிப்ரவரி 24, சனி

புது விசிலும் சரியில்லை. பருப்பு அடிப்பிடித்துக் கருகிவிட்டது. கடையில் திருப்பிக் கொடுத்தால் நன்றாகத்தானே இருக்கிறது என்கிறான்.

மார்ச் 3, ஞாயிறு

மாஸ்டர் திருத்தாவிட்டால் நானே திருத்திக்கொள்கிறேன். காலை நாலரைக்கு மொட்டை மாடி. இந்த ஒரு மாதமும் ஒரே ஒரு விஷயம்: குத்தும்போது பின்னங்கால் குதிகால் தரையைவிட்டு எழுகிறதா என்று பார்ப்பது. எழுகிறது. பதிமூன்று வருஷமாக எழுந்துகொண்டிருக்கிறது. ஒரு பழைய அட்டையைக் குதிகாலுக்கு அடியில் வைத்து, அது நகராமல் இருநூறு குத்து. முதல் நாள் நூற்றெழுபது தடவை நகர்ந்தது. இன்று அறுபது.

இட்லிக்கு ஊறப்போட்டேன். சுபா போன் செய்தாள், ஏன் எதைக் கேட்டாலும் ‘சரி சரி’ என்கிறாய் என்று சலித்துக்கொண்டாள். அவளுடைய விடுதியில் சிக்னல் சரியில்லை.

மார்ச் 16, சனி

இன்று அவமானம்.

நிஷாவோடு குமித்தே பழகினேன். ரஹ்மத் நிஷா மருந்துக் கடையில் வேலை பார்ப்பவள், இருபத்தொன்பது வயது, என்னைப் போலவே முதல் டான். இடது பக்கமாக வந்து வந்து அடித்தாள், நான்கு தடவை பட்டது. ஐந்தாவது தடவை அவளைப் பிடித்துவிட வேண்டும் என்று குறியாக இருந்தேன். சட்டென்று அவள் உட்கார்ந்தாள். பார்த்தால் எல்லோரும் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் மட்டும் கையை ஓங்கியபடி நடுவில் நிற்கிறேன். பின்வரிசையில் சிரித்தார்கள்.

வகுப்பு முடிந்ததும் மாஸ்டரிடம் நேராகப் போய், என் கட்டாவில் என்ன குறை, சொல்லுங்கள் என்றேன். அவர் பெல்ட்டை மடித்துக்கொண்டே சொன்னார்:

“நீங்க எல்லாம் கத்துக்கிட்டவுக அக்கா. நான் சொல்லியா கேக்கப் போறீக?”

இதற்கு என்ன அர்த்தம்? பதிமூன்று வருஷம் அவர் காலடியில் வியர்வை சிந்திய ஒருத்தியிடம் பேசுகிற பேச்சா இது? வேறு வகுப்புக்குப் போய்விடலாமா என்று நினைத்தேன். போக மாட்டேன். அவர் முன்னாலேயே நன்றாகச் செய்து காட்டுவேன்.

ஏப்ரல் 9, செவ்வாய்

மில்லில் காது பரிசோதனை முகாம். நூற்புப் பிரிவில் எல்லோரும் போக வேண்டும் என்றார்கள். நான் அங்கே மேற்பார்வை. கையெழுத்துப் போட்டுவிட்டு, பதினாலாம் நம்பர் மெஷினில் நூல் அறுந்துகொண்டே இருந்ததால் திரும்பிவிட்டேன். வேறு யாராவது பார்த்திருக்கலாம்தான். ஆனால் நான் பார்த்தால்தான் சரியாக இருக்கும்.

அந்தச் சத்தத்துக்குள் நாங்கள் யாரும் காதால் கேட்பதில்லை. பத்து மெஷின் தள்ளி நிற்பவள் உதட்டை அசைத்தால் என்ன குழம்பு வைத்தாள் என்று சொல்லிவிடுவோம். இதற்கெல்லாம் முகாம் வைத்து என்ன செய்யப் போகிறார்கள்.

அட்டை இன்று பதினொரு தடவைதான் நகர்ந்தது.

மே 12, ஞாயிறு

குதிகாலைப் பார்ப்பதற்காக, நேற்று வகுப்பில் நான் கட்டா செய்வதை நிஷாவை போனில் எடுக்கச் சொல்லியிருந்தேன். காலையில் அனுப்பினாள். சமையலறையில் நின்றபடியே பார்த்தேன். குதிகால் அருமை. தரையில் ஆணியடித்தது போல இருக்கிறது.

இரண்டாம் தடவை பார்க்கும்போதுதான் கவனித்தேன். எனக்குப் பின்னால், இடது பக்கம், மாஸ்டர் நிற்கிறார். அவர் உதடு அசைகிறது. நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்த்தேன். ‘வடிவக்கா.’ மில் பழக்கம், உதட்டைப் படிக்கத் தெரியும். ‘வடிவக்கா, இடுப்பு.’ நான் திரும்பவில்லை. அவர் இன்னொரு தடவை சொல்கிறார். பிறகு மூன்றாவது தடவை. பிறகு முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறார்.

போன் சத்தத்தை முழுவதும் வைத்தேன். அடுத்த வீட்டு மதினி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து என்னவென்று கேட்டாள். எனக்குக் கேட்டது மின்விசிறி இரைச்சல் மட்டும்தான். வீட்டுக்காரரைக் கூப்பிட்டுப் போனைக் கொடுத்தேன். கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

“இடுப்ப இறக்குங்கன்னு மூணு தடவ சொல்லுதாரு. நல்லாத்தான கேக்குது.”

ரேஷன் கடைக்குப் போய்த் துவரம் பருப்பு வாங்கி வந்தேன். இரண்டு வாளி துணி துவைத்தேன். கத்தரிக்காய் புளிக்குழம்பு.

அவர் திருத்திக்கொண்டுதான் இருந்திருக்கிறார்.

மே 13, திங்கள்

நாலரைக்கு எழுந்தேன். மாடிக்குப் போகவில்லை.

மே 18, சனி

திருநெல்வேலியில் காது டாக்டர். கண்ணாடி அறைக்குள் உட்கார வைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். அழுத்துவதற்கு எதுவும் வராமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். இடது காதில் முக்கால்வாசி போய்விட்டது. வலதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவாக. மில் சத்தம்தான் காரணமாக இருக்கும் என்றார் டாக்டர். போனது திரும்பாது. இருக்கிறதைக் காப்பாற்றிக்கொள்ளலாம். காதுக்கு மெஷின் வைத்துக்கொண்டால் வீட்டில் பேச்சு கேட்கும். மோதும்போது அதைப் போட முடியாது. காதில் அடிபடக் கூடாது, தலைக்கவசம் இல்லாமல் இறங்கவே கூடாது என்றார். இந்த வயதில் சண்டை எதற்கு என்றும் கேட்டார். அது காது சம்பந்தப்பட்ட கேள்வி இல்லை.

வெளியே டீக்கடையில் வீட்டுக்காரரிடம், உங்களுக்கு எப்போது தெரியும் என்று கேட்டேன். அவர் மினிபஸ் ஓட்டுகிறவர், அதனால்தான் வீட்டிலும் கத்திப் பேசுகிறார் என்று நினைத்திருந்தேன்.

“ரெண்டு வருஷமா தெரியும்.”

“ஏன் சொல்லல?”

“சொன்னா நீ கராத்தேய விட்டுருவியோன்னு இருந்துச்சு. அது ஒண்ணுதான் நீ உனக்குன்னு பண்ணுதது.”

டீ ஆறிப்போயிற்று. இன்னொரு டீ சொன்னார்.

அனுசுயாவின் முகவரியை, தேர்வு நடத்திய கராத்தே சங்கத்தில் கேட்டு வாங்க வேண்டும். போனில் மன்னிப்புக் கேட்டால் அவள் சொல்லும் பதில் எனக்குக் கேட்காது. கடிதம் எழுதுகிறேன்.

மே 21, செவ்வாய்

வகுப்புக்கு அரைமணி முன்னால் போய் மாஸ்டரிடம் டாக்டர் தாளைக் கொடுத்தேன். படித்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். நானும் எதிரே உட்கார்ந்தேன்.

“உங்களுக்குத் திமிருன்னு நெனச்சேன் அக்கா. நாலு வருஷமா.”

“நானும் உங்களுக்குத் திமிருன்னுதான் நெனச்சேன்.”

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு அழுகை வரவில்லை, அவசரமாக இருந்தது. நான்கு வருஷம் போய்விட்டது. இனிமேல் முன்னால் வந்து நின்று சொல்லுங்கள், கையால் தட்டிச் சொல்லுங்கள், குச்சியை வைத்து அடித்துக்கூடச் சொல்லுங்கள், ஆனால் ஒன்றைக்கூட விட்டுவிடாதீர்கள் என்றேன்.

இன்று வகுப்பிலேயே பதினோரு தப்பு சொன்னார். இடுப்பு உயரமாக இருக்கிறது. திரும்பும்போது முகம் முந்திவிடுகிறது. வலது தோள் இறுகிப்போய்க் காதுவரை ஏறி நிற்கிறது. தடுக்கும் கை வேலை முடிந்தும் தளர மறுக்கிறது. இன்னும் ஏழு. ஒவ்வொன்றாக வீட்டுக்கு வந்து எழுதிக்கொண்டேன். ஒரு நகைக்கடைப் பையோடு வீட்டுக்கு வந்தவள்போல இருந்தேன் என்று வீட்டுக்காரர் சொன்னார்.

ஜூன் 1, சனி

காதில் மெஷின். வீட்டுக்காரர் ரசத்தை உறிஞ்சும் சத்தம் இவ்வளவு பெரியது என்று எனக்குத் தெரியாது. சுபாவிடம் போனில் விவரத்தைச் சொன்னேன். எந்தக் காது, எப்போதிலிருந்து என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள், எல்லாவற்றுக்கும் பதில் சொன்னேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

அனுசுயாவிடமிருந்து பதில் வந்திருக்கிறது. தையல் அப்போதே பிரித்தாயிற்றாம், தழும்பு தெரியவில்லையாம். உங்கள் குத்து ரொம்ப வேகம் அக்கா என்று எழுதியிருக்கிறாள்.

ஜூன் 8, சனி

மெஷினைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் குமித்தே. யாமே சொல்வது கேட்காது என்றால் பார்க்க வேண்டும். நடுவர் கை நீட்டுவது கண்ணில் பட வேண்டும். அதற்கு நடுவர் எப்போதும் என் பார்வைக்குள் இருக்க வேண்டும், அதாவது எதிராளியின் தோளுக்குப் பின்னால். மாஸ்டர் நடுவராக நின்று வேண்டுமென்றே நகர்ந்துகொண்டே இருக்கிறார். நான் அதற்கேற்ப வட்டமடித்து, எதிராளியையும் திருப்பி நிறுத்த வேண்டும். அடிப்பதா, நடுவரைப் பார்ப்பதா?

கேவலமாகத் தோற்றேன். நிஷாவிடம் ஒன்பது. பதினாறு வயது பிரவுன் பெல்ட் பெண்ணிடம் ஆறு. வெள்ளை பெல்ட் கட்டிய முதல் வாரம்கூட இவ்வளவு வாங்கியதில்லை. அந்தப் பெண் பாவப்பட்டு மெதுவாக அடித்தாள். அப்படிச் செய்யாதே என்று திட்டினேன்.

ஜூன் 27, வியாழன்

கால் எங்கே போக வேண்டும் என்று நான் யோசிப்பது நின்றிருக்கிறது. இன்று நிஷாவை மூலைக்குத் தள்ளி, அங்கிருந்து வலது பக்கம் திருப்பி, நினைத்த இடத்தில் நிறுத்தினேன். அவள் இடது பக்கம் வரவே முடியவில்லை. அவளுக்கே அது பிறகுதான் தெரிந்ததாம். “என்னக்கா, என்னைய ஆட்டுக்குட்டி மாதிரி பத்திக்கிட்டுப் போறீக” என்றாள்.

முன்பெல்லாம் எதிராளி வருவாள், நான் வேகமாக அடிப்பேன். என்னிடம் வேகம் மட்டும்தான் இருந்தது. எங்கே நின்று மோதுவது என்பதை நான் முடிவு செய்யலாம் என்றே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

மாஸ்டர் இன்று நான்கு தப்புதான் சொன்னார். இரண்டு பழையவை.

ஜூலை 14, ஞாயிறு

விண்ணப்பத்தில் உடல்நலப் படிவம் ஒன்று உண்டு. கேட்கும் திறன் என்ற இடத்தில் போன தடவை ‘நன்று’ என்று எழுதியிருந்தேன். இந்தத் தடவை டாக்டர் தாளை வைத்து அனுப்பினேன். அனுப்ப வேண்டாம், யாருக்குத் தெரியப் போகிறது என்றாள் நிஷா. அனுசுயாவின் உதடு என் நினைவில் இருக்கிறது.

இன்று சங்கச் செயலாளர் மாஸ்டருக்குப் போன் செய்திருக்கிறார். தேர்வுக்கு அழைத்து வர வேண்டாமாம். வயதையும் ஆர்வத்தையும் மெச்சி, மேடையில் வைத்து ஒரு கௌரவச் சான்றிதழ் கொடுத்துவிடுகிறார்களாம். மாஸ்டர் இதைச் சொல்லும்போது தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நிமிர்ந்து சொல்லுங்கள், எனக்கு உதடு தெரியவில்லை என்றேன்.

ஜூலை 17, புதன்

மில்லுக்கு லீவு போட்டுவிட்டுத் தனியாக மதுரைக்குப் போனேன். செயலாளர் அலுவலகத்தில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தேன். நல்லபடியாகத்தான் பேசினார். பாதுகாப்புதான் பிரச்சினை என்றார். கட்டளை கேட்காத ஒருவரை எப்படி மோத விடுவது?

அவர் மேஜையில் இருந்த சங்கத்தின் விதிப் புத்தகத்தை எடுத்து, மாஸ்டரின் புத்தகத்தைப் பார்த்து நான் தாளில் குறித்து எடுத்து வந்த பக்க எண்ணைப் பார்த்துப் பிரித்தேன். யாமே சொல்லும்போது நடுவர் கையையும் நீட்ட வேண்டும் என்று அதில் இருக்கிறது. பிப்ரவரித் தேர்வில் நடுவர் நீட்டவில்லை. நான் செய்தது தப்பு, அதற்கு நான் மன்னிப்புக் கேட்டாயிற்று. நடுவர் உங்கள் விதிப்படி கையை நீட்டட்டும், நிற்காவிட்டால் என்னை வெளியே அனுப்புங்கள் என்றேன்.

“இன்னொரு தடவை யாமேக்கு அப்புறம் கை பட்டுச்சுன்னா, பிறகு நீங்க விண்ணப்பமே போட முடியாதும்மா. எழுதிக் குடுக்கணும். சம்மதமா?”

எழுதிக் கொடுத்தேன். தேதியும் போட்டேன்.

ஆகஸ்ட் 5, திங்கள்

மழை. மாடி வழுக்குகிறது. அறைக்குள் கட்டிலைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்துவிட்டுச் செய்தேன். வீட்டுக்காரர் சமையலறையில் தூங்கினார்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

இன்று மதுரையில் மறுதேர்வு. கட்டா நன்றாக வந்தது. இடுப்பை இறக்கி, முகம் முந்தாமல். அதைப் பற்றி எழுத வேறெதுவுமில்லை.

குமித்தே மூன்று சுற்று. முதல் இரண்டும் ஒழுங்காகப் போயின. மூன்றாவதில் தேனியிலிருந்து வந்த ஒரு போலீஸ்காரப் பெண், இருபத்து நான்கு வயதிருக்கும், என்னைவிட ஒரு சாண் உயரம். நடுவரை அவள் தோளுக்குப் பின்னால் வைத்துக்கொண்டே நகர்ந்தேன். ஒரு முறை ஒரு அடி தவறினேன். அவளுடைய கால் சுழன்று வந்து என் இடது காதின் மேல் விழுந்தது. தலைக்கவசம் இருந்தும் உள்ளே கொட்டு கொட்டியது போல இருந்தது. அதன் பிறகு எதுவுமே கேட்கவில்லை. வலதிலும் இல்லை. ஹாலில் அத்தனை பேர் வாயும் அசைகிறது, சத்தமில்லை.

பயந்தேன். இதை வேறு எங்கும் சொல்ல மாட்டேன்.

பயத்தோடேயே வட்டமடித்தேன். அவள் முடித்துவிடலாம் என்று நேராக வந்தாள், முகத்துக்கு முன் தடுப்பில்லை. என் வலது கை கிளம்பிவிட்டது. அப்போது அவளுடைய தோளுக்குப் பின்னால் வெள்ளையாக ஒரு கை நீண்டது. என் கை நின்றது. அவளுடைய முகத்துக்கும் என் முஷ்டிக்கும் நடுவில் ஒரு விரல் நுழையும். அவள் கண்ணை மூடியிருந்தாள். பிறகு திறந்து என் கையைப் பார்த்தாள்.

வலது காது அரைமணியில் திரும்ப வந்தது. தேர்ச்சி பெற்றவர்கள் ஒன்பது பேர். பட்டியலில் என் பெயர் ஐந்தாவது. மாஸ்டர் விரலை வைத்துக் காட்டினார். வீட்டுக்காரர் அதைப் போட்டோ எடுத்தார்.

மதுரையிலேயே ஒரு காது டாக்டரிடம் காட்டினோம். புதிதாகச் சேதமில்லை. திட்டினார்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

மதுரையில் சான்றிதழ் விழா. ஐந்தாவதாகக் கூப்பிடாமல் கடைசியில் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்கள். செயலாளர் மைக்கில் ஏதேதோ பேசினார், எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். சால்வை போட்டார்கள். சான்றிதழைக் கையில் வாங்கிப் படித்தேன். எம். சண்முகவடிவு. இரண்டாம் டான். அதற்குக் கீழே, சின்ன எழுத்தில், ‘சிறப்புப் பிரிவு.’

மற்ற எட்டுப் பேருடையதிலும் அப்படி இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை, இது உங்களைப் பெருமைப்படுத்துவதற்காக என்றார் செயலாளர். அவர் மனதில் கெட்ட எண்ணமில்லை, முகத்திலேயே தெரிந்தது.

“அவுக செஞ்ச அதே கட்டாதான் சார் நானும் செஞ்சேன். அதே மூணு சுற்று. இதுல ரெண்டு வார்த்த கூடுதலா இருக்கு. எடுத்துட்டுக் குடுங்க.”

அச்சடித்து வர மூன்று மாதமாகும், அதுவரை புது பெல்ட்டும் கட்ட முடியாது என்றார். பரவாயில்லை என்று சான்றிதழை மேஜைமேல் வைத்தேன். சால்வையை மடித்து அதன்மேல் வைத்தேன். கைதட்டிக்கொண்டிருந்தவர்கள் கையை என்ன செய்வது என்று தெரியாமல் நின்றார்கள்.

பஸ்ஸில் வீட்டுக்காரர் கேட்டார், வருத்தமா என்று. நீங்கள் ஜன்னல் பக்கம் உட்காருங்கள், எனக்கு வலது காது உங்கள் பக்கம் வரட்டும் என்றேன். கோவில்பட்டி வரை பேசிக்கொண்டே வந்தோம்.

ஆகஸ்ட் 27, செவ்வாய்

பழைய பெல்ட்டைக் கட்டிக்கொண்டு வகுப்புக்குப் போனேன். மாஸ்டர் எனக்கு எதிரே வந்து நின்று, தடுப்பின் முடிவில் வலது முழங்கை வெளியே போகிறது என்று தட்டிக் காட்டினார். இது புதியது. இத்தனை நாள் யார் கண்ணிலும் படாத தப்பு.

எத்தனை தடவை செய்ய என்று கேட்டேன். அவர் விரலால் நாற்பது என்றார். நான் அறுபது செய்தேன்.